தொலைதூர ரசிகருக்கும் ஒரு விலை உச்சவரம்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியக் காற்பந்துக் குழுக்கள் பருவம் தொடங்குவதற்கு முன்பு சிங்கப்பூருக்கு வந்து நட்புமுறை ஆட்டங்களில் விளையாடும்போது, அவற்றுக்கான நுழைவுச்சீட்டுகள் விற்கப்படும் விலையைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். நான் துறைமுகத்தில் பராமரிப்புப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். தோ பாயோவில் மகள் குடும்பத்துடன் வசிக்கிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து காற்பந்து பார்த்துவருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு குழு இங்கு வந்தது. ஒன்பது வயதுப் பேரனும் அவனுடைய அக்காவும் பார்க்க ஆசைப்பட்டதால், விற்பனை தொடங்கிய காலையிலேயே கணினி முன் உட்கார்ந்து, இணைய வரிசையில் ஒரு மணி நேரத்திற்கும் மேல் காத்திருந்து மூன்று இருக்கைகளை வாங்கினேன். கோல் கம்பத்துக்குப் பின்புறம், மேல்தளத்தில் கிடைத்த அந்த மூன்று இருக்கைகளுக்கும் முன்பதிவுக் கட்டணத்துடன் சேர்த்து 500 வெள்ளிக்கு மேல் ஆயிற்று. மொத்தத் தொகையைவிட என்னை அதிகம் வருத்தியது இன்னொன்று: என் இருக்கைக்கு என்ன விலையோ அதே விலைதான் அந்த ஒன்பது வயதுச் சிறுவனின் இருக்கைக்கும். சிறுவர் கட்டணம் என்ற ஒன்று அந்த விலைப்பட்டியலில் எங்குமே இல்லை.

ஆட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். பருவத்திற்கு முந்தைய ஆட்டம் என்பது உண்மையில் பயிற்சியின் ஒரு பகுதி. முன்னணி வீரர்கள் முதல் பாதியோடு வெளியேறுவதும், இரண்டாம் பாதியில் ஏறக்குறைய புதிய குழுவே களமிறங்குவதும் விளையாட்டு மருத்துவம் அறிந்தவர்களுக்குப் புரியக்கூடிய காரணங்களுக்காகத்தான். ஆனால், வெற்றி தோல்வியால் ஒரு புள்ளிகூடக் கூடாத, குறையாத ஓர் ஆட்டத்துக்கு, அதே குழு தன் சொந்த ஊரில் புள்ளிகளுக்காக மோதும் ஆட்டத்தைவிட அதிக விலை கேட்பது எந்த வகையில் முறை என்பதே என் கேள்வி.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் என் பேரனோடு பந்து உதைக்கும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய தந்தை விநியோக வேன் ஓட்டுகிறார்; வீட்டில் மூன்று பிள்ளைகள். அந்தக் குழுவின் வீரர்கள் அத்தனை பேரின் பெயரையும் சட்டை எண்ணையும் என் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ஆட்டத்திற்கு மறுநாள் அவன் வந்து, “எப்படி இருந்தது?” என்று கேட்டபோது, என் பேரன் வழக்கமான உற்சாகத்தோடு பேசாமல் குரலைத் தாழ்த்தி, சுருக்கமாகச் சொல்லி முடித்தான். ஒன்பது வயதிலேயே இவனுக்கு இந்தத் தயக்கம் வந்துவிட்டதே என்று எனக்கு மனம் கனத்துப் போயிற்று. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அந்தக் காட்சிதான்.

இங்கிலாந்தில் இதே விலைப் பிரச்சினை எப்படிக் கையாளப்பட்டது என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. 1989ஆம் ஆண்டு ஹில்ஸ்பரோ திடலில், ரசிகர்கள் நின்று பார்க்கும் பகுதியில் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. அதை விசாரித்த நீதிபதி டெய்லர், பெரிய திடல்கள் அனைத்திலும் இருக்கைகள் போடப்பட வேண்டும் என்று 1990இல் பரிந்துரைத்தார். இருக்கை போடுவதால் விலை எட்டாத உயரத்துக்குப் போக வேண்டியதில்லை என்பதற்கு, கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் திடலில் நின்று பார்க்க 4 பவுண்டும் உட்கார்ந்து பார்க்க 6 பவுண்டும்தான் வாங்கப்படுகின்றன என்று அவர் அந்த அறிக்கையிலேயே எடுத்துக்காட்டினார். இருக்கைகள் வந்தன, 1992இல் அந்நாட்டின் முதல்நிலைப் போட்டித்தொடரான பிரிமியர் லீக்கும் பிறந்தது, விலை மட்டும் அவர் நினைத்த வழியில் போகவில்லை.

2013 ஜனவரியில் லண்டனில் ஆர்சனலை எதிர்த்து ஆட வந்த மான்செஸ்டர் சிட்டி குழுவின் ரசிகர்களிடம் ஒரு சீட்டுக்கு 62 பவுண்டு கேட்கப்பட்டது. அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட சீட்டுகளில் 912 விற்காமல் திருப்பி அனுப்பப்பட்டன. 2016 பிப்ரவரி 6ஆம் தேதி, லிவர்பூல் தன் சொந்தத் திடலான ஆன்ஃபீல்டில் சண்டர்லண்டை 2-0 என்று முந்திக்கொண்டிருந்த நேரத்தில், 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். அடுத்த பருவத்தில் மிக உயர்ந்த சீட்டின் விலை 77 பவுண்டாக இருக்கும் என்ற அறிவிப்புக்கு அவர்கள் தெரிவித்த எதிர்ப்பு அது. அவர்கள் போன பிறகு சண்டர்லண்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. சில நாள்களில் குழுவின் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த விலை உயர்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தாங்கள் நேசிக்கும் குழு வென்றுகொண்டிருக்கும்போதே எழுந்து போவதற்கு ஒரு ரசிகனின் மனம் எவ்வளவு நொந்திருக்க வேண்டும் என்பதைக் காற்பந்து பார்ப்பவர்களால் உணர முடியும்.

அதன் பிறகுதான் பிரிமியர் லீக்கின் இருபது குழுக்களும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தன. 2016-17 பருவம் முதல், வெளியூரிலிருந்து வரும் எதிரணி ரசிகரிடம் எந்தத் திடலிலும் 30 பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்ற அந்த உச்சவரம்பு இன்றுவரை நீடிக்கிறது. நம் பணத்தில் அது 50 வெள்ளியைச் சற்றே தாண்டும். அந்த விதிக்குப் பின்னால் இருந்த நியாயம் எளிமையானது: வெளியூர் ரசிகர் ஏற்கெனவே ரயிலுக்கும் பேருந்துக்கும் செலவழித்து, ஒரு நாளையே அதற்காக ஒதுக்கி வருகிறார், அவர் இல்லாவிட்டால் அரங்கின் ஆரவாரம் பாதியாகிவிடும், ஆகவே அவருடைய சுமையைக் கூட்டக்கூடாது.

அந்த நியாயத்தை நம் நிலைமையோடு பொருத்திப் பாருங்கள். லண்டனுக்கும் நமக்கும் இடையே 10,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் இருக்கிறது. ஆன்ஃபீல்டில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தைப் பார்க்க, பருவத்தைப் பொறுத்து அதிகாலை மூன்று அல்லது நான்கு மணிக்கு எழுந்து, ஒலியைக் குறைத்துவைத்து, வீட்டில் உறங்குபவர்களை எழுப்பாமல் பார்த்துவிட்டு, அப்படியே வேலைக்குப் போகிறவர்கள் நாம். அதற்கு மாதாமாதம் தொலைக்காட்சிச் சந்தா கட்டுகிறோம். பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கிக் கொடுக்கிறோம். வெளியூர் ரசிகர் என்ற சொல்லுக்கு நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? அவர்கள் ஊரில் வெளியூர் ரசிகருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதே குழு நம் ஊருக்கு வரும்போது நமக்குக் கிடைப்பதில்லை.

இங்கிலாந்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட், அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களில் உறுப்பினர்களுக்கு விற்கப்பட வேண்டியிருந்த சீட்டுகளுக்குச் சிறுவர், முதியோர் சலுகை எதுவுமின்றி 66 பவுண்டு என்று ஒரே விலை வைத்தபோது, அங்கும் ரசிகர்கள் வீதியில் இறங்கினார்கள். சிறுவரிடமும் பெரியவர் விலையையே வாங்கும் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்று அப்போது தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

ஜெர்மனியின் நிலை வேறு. என் அண்ணன் மகன் சில காலம் அங்கு பணியாற்றியபோது, டோர்ட்மண்ட் திடலின் தெற்குப் பக்கத்தில், ஏறத்தாழ 25,000 பேர் நின்று பார்க்கும் அந்தப் பெரும் படிக்கட்டில் நின்று ஓர் ஆட்டம் பார்த்தார். சீட்டின் விலை 20 யூரோவுக்கும் குறைவு. அந்தச் சீட்டைக் காட்டியே ரயிலிலும் டிராமிலும் திடலுக்குப் போய்வந்ததாக அவர் சொன்னபோது, முதலில் நான் நம்பவில்லை. அங்கு குழுக்களின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. விலையை முடிவு செய்பவர்கள் ரசிகர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. விலை பொறுக்க முடியாமல் போனால் அவர்கள் சும்மா இருப்பதுமில்லை. லிவர்பூல் ரசிகர்கள் வெளியேறிய சில நாள்களிலேயே, ஸ்டுட்கார்ட் நகரில் டோர்ட்மண்ட் ரசிகர்கள் விலையைக் கண்டித்துத் திடலுக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். வீசியது சரியென்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய கோபம் நியாயமானது.

இன்னொரு போக்கு என்னை மிகவும் அச்சுறுத்துகிறது. விமானப் பயணச்சீட்டைப்போல, கேட்பவர் கூடினால் விலையையும் கூட்டும் முறை காற்பந்துக்குள் வந்துவிட்டது. 2025ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் குழுக் கிண்ணத்தில், செல்சிக்கும் ஃபுளுமினென்சுக்கும் இடையிலான அரையிறுதிக்கு 473.90 அமெரிக்க டாலர் என்றிருந்த சீட்டு, ஆட்டம் நெருங்கும்போது வாங்க ஆளில்லாமல் 13.40 டாலருக்கு இறங்கியது. முன்கூட்டியே வாங்கிய ஒரு குடும்பத்தலைவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர் தம்மைவிட 460 டாலர் குறைவாகக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அவரால் ஆட்டத்தை எப்படி மகிழ்ச்சியோடு பார்த்திருக்க முடியும்?

2026 உலகக் கிண்ணத்துக்கும் அதே முறையைத்தான் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா கொண்டுவந்தது. தங்கள் நாட்டுக் குழுவின் பின்னாலேயே ஊர் ஊராகச் செல்லும் ரசிகர்களுக்கென ஒதுக்கப்பட்ட சீட்டுகளில்கூட, இறுதியாட்டத்துக்கு ஆகக் குறைந்த விலை 4,185 அமெரிக்க டாலர் என்று 2025 டிசம்பரில் தெரியவந்தது. நம் கணக்கில் அது 5,000 வெள்ளிக்கும் அதிகம். ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் கடுமையாகக் குரல் கொடுத்த சில நாள்களிலேயே, அந்த ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கை, இறுதியாட்டம் உட்பட 104 ஆட்டங்களுக்கும், 60 டாலருக்குத் தருவதாக ஃபிஃபா அறிவித்தது. பத்தில் ஒரு பங்கு மிகக் குறைவு என்று அந்த அமைப்புகள் சொன்னது உண்மைதான். ஆயினும் நமக்கு அதில் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு: முடியாது என்று சொல்லப்பட்ட மலிவு விலை, கேட்டவர்கள் உறுதியாகக் கேட்டவுடன் முடிந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். காலாங்கில் 1973இல் திறக்கப்பட்டு 2007இல் மூடப்பட்ட பழைய தேசிய விளையாட்டரங்கில்தான் நான் காற்பந்து பார்க்கக் கற்றேன். துறைமுகக் கூலியில் எங்கள் ஆறு பேரை வளர்த்த என் தந்தை, மலேசியக் கிண்ண ஆட்டங்களுக்கு என்னையும் என் அண்ணனையும் அழைத்துப் போவார். சாமாட் அல்லாப்பிச்சை சிங்கப்பூர்க் குழுவின் தலைவராக இருந்த காலம் அது. ‘ஒட்டகம்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட எஸ். ராஜகோபால் மூலையிலிருந்து வளைத்து உதைக்கும் பந்தைக் காண, சிமெண்டுப் படிகளில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருப்பார்கள். 1977இல் நம் குழு பினாங்கை 3-2 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது, எங்கள் குடியிருப்பில் உறங்கியவர் எவருமில்லை. என் தந்தை ஒரு நாளும் சீட்டின் விலையைப் பற்றி வீட்டில் பேசியதாக எனக்கு நினைவில்லை. அது பேச வேண்டிய அளவுக்குப் பெரிய தொகையாக இருந்திருந்தால், ஆறு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் எங்கள் இருவரையும் அவர் அழைத்துப் போயிருக்கவே முடியாது.

உள்ளூர் ஆட்டங்களின் விலையில் இன்றும் எனக்குக் குறையில்லை. ஜாலான் புசார் திடலுக்கோ பீஷான் திடலுக்கோ பேரப்பிள்ளைகளை அழைத்துப்போனால், சீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே அந்த நட்புமுறை ஆட்டத்தின் ஓர் இருக்கை விலை ஆவதில்லை. 2025 மே மாதம் லயன் சிட்டி செய்லர்ஸ் குழு ஆசிய அளவிலான ஒரு போட்டியின் இறுதியாட்டத்தில் ஷார்ஜாவை எதிர்த்து பீஷானில் ஆடியதும், அதே ஆண்டு நவம்பரில் ஹாங்காங்கை 2-1 என்று வென்று நம் தேசியக் குழு முதன்முறையாகத் தகுதிச்சுற்றின் வழியே ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்ததும் எத்தனை பேரை மீண்டும் இங்குள்ள காற்பந்தின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தன! ஹாங்காங்கில் வெற்றிக் கோலைப் போட்டவர், நம் முன்னாள் நட்சத்திர வீரர் ஃபாண்டி அகமதின் மகன் இல்ஹான். தந்தையின் ஆட்டத்தைக் காலாங்கில் நேரில் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில், அன்றிரவு என் கண்கள் கலங்கியதை மறைக்க விரும்பவில்லை.

வெளிநாட்டுக் குழுக்களை வரவேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு; நான் அந்தக் கட்சியில் இல்லை. 2014 அக்டோபரில் புதிய விளையாட்டரங்கில் ஜப்பானை எதிர்த்து பிரேசில் வீரர் நெய்மார் ஒருவரே நான்கு கோல் போட்டதை நேரில் கண்ட பிள்ளைகளில் சிலராவது மறுநாள் பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போயிருப்பார்கள். அதற்காகத்தான் அந்தக் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறேன். ஏற்பாட்டாளர்களுக்குச் செலவு அதிகம் என்பதையும் அறிவேன். குழுக்களுக்குத் தரும் வருகைக் கட்டணம், விமானம், தங்குமிடம், புல்தரைப் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் சீட்டு விற்பனைதான் பெரிதும் கைகொடுக்க வேண்டும். அரங்கின் எல்லா இருக்கைகளையும் மலிவு விலைக்கு விற்றால் எவரும் அடுத்த முறை எந்தக் குழுவையும் அழைத்துவர மாட்டார்கள்.

ஆனால், அந்த ஆட்டங்கள் நடக்கும் இடம் தனியார் ஒருவரின் நிலமன்று. 2022 டிசம்பர் 9ஆம் தேதி முதல் அந்த அரங்கு அமைந்துள்ள விளையாட்டு நடுவத்தின் பொறுப்பை அரசாங்க அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூர் தன் கையில் எடுத்துக்கொண்டது. சமூகத்துக்கு அந்த இடம் மேலும் பயன்பட வேண்டும் என்பதே அப்போது சொல்லப்பட்ட முக்கியக் காரணம். பொதுமக்களின் அரங்கை ஒரு நிறுவனத்துக்கு வாடகைக்கு விடும்போது, இருக்கைகளில் பத்தில் ஒரு பங்கு 50 வெள்ளிக்கு மேற்படாத விலையில் விற்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்க்க முடியாதா? ஐம்பத்தையாயிரம் பேர் அமரும் அரங்கில் அது ஐயாயிரத்து ஐந்நூறு இருக்கைகள். மீதி ஒன்பது பங்கின் விலையை ஏற்பாட்டாளர் தம் கணக்குப்படி வைத்துக்கொள்ளட்டும். 30 பவுண்டுக்கு வெளியூர் ரசிகரை அனுமதிக்கும் அதே குழுக்கள், 50 வெள்ளி இருக்கைகள் சில ஆயிரம் இருப்பதற்காக இங்கு வர மறுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த இருக்கைகள் முந்திக்கொள்பவருக்கே என்று விடப்பட்டால், விரைவான இணையத் தொடர்பும் வேலை நேரத்தில் கணினியும் உள்ளவர்களுக்கே போய்ச் சேரும். சீட்டு வியாபாரிகள் வாங்கி இரட்டை விலைக்கு விற்பார்கள். நமக்குக் குலுக்கல் முறை புதிதன்று. தேசிய தின அணிவகுப்புக்கு அப்படித்தான் சீட்டுப் பெறுகிறோம். வீடு வாங்கவும் அதே முறையில்தான் எண்ணுக்காகக் காத்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளை உள்ள குடும்பங்கள், மூத்தோர், வேலை அனுமதிச்சீட்டில் இங்கு உழைக்கும் தொழிலாளர்கள் ஆகியோரைக் குலுக்கலில் சேர்த்து, சீட்டில் பெயரை அச்சிட்டு, வர முடியாதவர் வாங்கிய விலைக்கே திருப்பித் தரும் வழியையும் வைக்கலாம். இங்கிலாந்தில் காற்பந்துச் சீட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994 முதல் சட்டப்படி குற்றம். ஃபிஃபாவோ தன் மறுவிற்பனைத் தளத்தில் வாங்குபவரிடம் 15 விழுக்காடும் விற்பவரிடம் 15 விழுக்காடும் எடுத்துக்கொள்கிறது. நாம் பின்பற்ற வேண்டியது முதல் வழியை.

சிறுவர் கட்டணத்தைப் பொறுத்தவரை எந்த விதியும் தேவைப்படாமலே ஏற்பாட்டாளர்கள் தாமாக முன்வரலாம். பெரியவர் ஒருவருடன் வரும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாதி விலை என்றால், அரங்கின் வருவாயில் விழும் குறையைவிட, குடும்பமாக வருவோரின் எண்ணிக்கை கூடும் என்றே என் அனுபவம் சொல்கிறது. முன்பதிவுக் கட்டணத்தையும் கடைசிப் பக்கத்தில் சேர்க்காமல், விலையோடு சேர்த்து முதலிலேயே காட்டினால், வீட்டில் கணக்குப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து உதைக்கும் அந்தச் சிறுவனுக்கு இப்போது பதினொரு வயது. அடுத்த குழு வருவதாக அறிவிப்பு வரும் நாளில், யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன், விலைப்பட்டியலில் சிறுவருக்கென ஒரு வரி இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். இருந்தால், என் பேரப்பிள்ளைகளோடு அவனுக்கும் சேர்த்து நான்கு சீட்டு வாங்குவதாக அவனுடைய தந்தையிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
தோ பாயோ